இரண்டு செட்டிகுளம், ஒரு கவளம்

செட்டிகுளம் என்ற பெயரில் ஒரு ஊர் பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது. மலைமேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கும் ஊர். சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போனது. அதே பெயரில் இன்னொரு ஊர் இலங்கையின் வவுனியா மாவட்டத்தில், தலைமன்னார் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. இரண்டு ஊரின் பக்கமும் பிள்ளைகள் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர்கள். பெற்ற மகனின் பெயரை மறந்து, சற்றுமுன் சாப்பிட்டதை மறந்து, கடைசியில் வாயில் இருக்கும் சோற்றை விழுங்கவும் மறந்துபோன பெரியவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இலங்கையில் ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் என்றது. வயது வரம்பும் காலமும் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாது. ஆனால் முதுமை இரு இடத்திலும் வேகமாக ஏறுகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2012இல் இலங்கையில் 12.4 சதவீதம்.

நோய் முற்றிய கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. பராமரிப்பு இல்லங்களில் இருந்த 323 பேரைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்குச் சாப்பிடுவதில் சிக்கல் வந்திருந்தது. அப்படியானால் சாப்பிட முடியாமல் போவது இந்த நோயின் கடைசிப் படிகளில் ஒன்று. "சரியாகக் கவனிக்கவில்லை, அதனால்தான் சாப்பிடவில்லை" என்று வீட்டுப் பெண்ணின் மேல் பழி போடுகிற உறவினருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

நம் பக்கம் இது நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கிழவிக்குக் காய்ச்சல் வரும், சளி கட்டும். பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே மூக்கு வழியாக டியூப் போடுவார்கள். காய்ச்சல் இறங்கியதும் டியூப்போடே வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு அது நிரந்தரமாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் பால், கஞ்சித் தண்ணீர், சத்துமாவுக் கரைசல். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "டியூப் போட்டாச்சா?" என்பதுதான். "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் மகன் கடமை தவறாதவன். தென்மாவட்டங்களில் முதியவரை வீட்டாரே சாகடிக்கும் தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் 2010இல் வெளிவந்தபோது, எண்ணெய்க் குளியலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் ஊற்றுவதும் ஊரெல்லாம் பேசப்பட்டன. முதியவருக்கு உணவைக் குறைத்தான் என்ற சொல் தன்மேல் விழுந்துவிடுமோ என்ற பயம் ஒரு மகனுக்கு எவ்வளவு பெரியது என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஆனால் டியூப் அந்த மனிதருக்கு என்ன செய்கிறது? 1999இலேயே அமெரிக்க மருத்துவர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, முற்றிய மறதி நோயில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நுரையீரல் காய்ச்சலைத் தடுப்பதாகவோ சான்று இல்லை என்றார்கள். எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறி வருவதும் மூச்சுக்குழலுக்குள் போவதைக் குழாய் நிறுத்துவதில்லை. 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், இந்நிலையில் குழாய் வேண்டாம், கவனமாகக் கையால் ஊட்டுங்கள் என்று வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. பக்கவாதம் வந்து சில வாரத்தில் விழுங்கும் திறன் திரும்பக்கூடியவருக்கு டியூப் நல்லது. அதையும் இதையும் ஒன்றாக நினைப்பதுதான் சிக்கல்.

டியூப் போட்டவரின் கையைப் பாருங்கள். அது எதற்கென்று அவருக்குத் தெரியாது. மூக்கில் ஏதோ உறுத்துகிறது, பிடுங்குகிறார். மறுபடி போடுகிறார்கள். மறுபடி பிடுங்குகிறார். கடைசியில் பழைய வேட்டிக் கிழிசலால் மணிக்கட்டைக் கட்டில் காலோடு கட்டி வைக்கிறார்கள். ஆயுசெல்லாம் வெங்காயம் ஆய்ந்த கை அது. கட்டிப்போடப்பட்டவர் புரளமாட்டார், புரளாதவருக்குப் படுக்கைப் புண் வரும். எனக்கு இதில் மிகவும் வலிப்பது இன்னொன்று. டியூப் போட்ட நாள் முதல் யாரும் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்வதில்லை. நாக்கில் புளிப்பும் உப்பும் படுவதில்லை.

இலங்கையில் கதை வேறு வழியில் போகிறது. அங்கே அரசு ஆஸ்பத்திரிதான் பெரும்பாலோருக்குப் போக்கிடம்; சிகிச்சை இலவசம். வார்டில் பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு. மதியமும் மாலையும் கதவு திறக்கும்போது, வீட்டிலிருந்து பார்சல் கட்டிக்கொண்டு மகளோ மருமகளோ வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்குள் ஊட்டி முடிக்க வேண்டும். அறளை பெயர்ந்த, அதாவது மறதி முற்றிய, தாய்க்கு அவசரம் ஆகாது; வாயில் வைத்ததை அதக்கிக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பார். மணி அடித்ததும் மீதிப் பார்சலோடு வெளியே வருகிறவளின் மனநிலையை நினைத்துப் பார்க்கலாம். கூட ஒருவர் தங்க வார்டில் அனுமதித்தால் அந்தப் பெரியவருக்கு அதுவே பெரிய மருந்து.

வடக்கில் இன்னொரு வெறுமையும் உண்டு. ஊட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. பிள்ளைகள் டொரொன்டோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கிறார்கள். சம்பளத்துக்கு வைத்த பெண் பிள்ளை கைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடிக்க, அந்தப் பக்கத்திலிருந்து "அம்மா சாப்பிட்டவவோ?" என்று கேட்கிறார்கள். யாருமே இல்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கைதடியில் இருப்பதுபோல அரச முதியோர் இல்லம். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த மனிக் பாம் முகாம் இதே செட்டிகுளத்தில்தான் இருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் மக்கள் முள்கம்பிக்குள் அடைபட்ட காலம். சோற்று வரிசையில் நிற்க முடியாத, தட்டை எங்கே நீட்டுவதென்று தெரியாத முதியவருக்கு, பக்கத்தில் சொந்தம் இல்லையென்றால் அன்றைய சோறு இல்லை. முதலில் வெளியே விடப்பட்டவர்களில் 60 வயதைக் கடந்தவர்கள் இருந்தார்கள். 2012 செப்டம்பரில்தான் முகாம் மூடப்பட்டது.

பண்டத்திலும் வேறுபாடு உண்டு. நம் ஊரில் மாட்டுப்பால். அங்கே பெரும்பாலும் பால்மா, அதாவது பால் பவுடர். 2022 பொருளாதார நெருக்கடியில் 400 கிராம் பாக்கெட் 790 ரூபாய்க்குப் போனது. வரிசையில் நின்றும் கிடைக்காத நாட்கள் உண்டு. பால்மாவை மட்டும் நம்பியிருந்த பெரியவர்களின் வீடுகள் திரும்பப் பழைய உணவுக்கு வந்தன: குழைந்த உளுத்தங்கஞ்சி, வல்லாரை சேர்த்த இலைக்கஞ்சி, சொதியில் ஊறி இழையிழையாய்க் கரைந்த இடியாப்பம். சொதியில் ஊறிய இடியாப்பம் இந்த நோயாளிக்கு மிகப் பொருத்தமான உணவு என்பது என் அபிப்பிராயம். மிருதுவாக இருக்கும், ஈரமாக இருக்கும், ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்குள் நழுவும். நம் பக்கத்து ரசஞ்சாதத்தில் இந்த நன்மை இல்லை. சோறு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்து தண்ணீர் முந்திக்கொண்டு இறங்கிப் புரையேறிவிடும். பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்தால் சரியாகும். கேழ்வரகுக் கூழும் கெட்டியாக இருந்தால் நல்லது.

கையால் ஊட்டுவது லேசான வேலை அல்ல. ஆளை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தலை பின்னால் சாயக்கூடாது, தாடை சற்றுக் கீழே இருக்க வேண்டும். கரண்டியின் நுனியால் கீழுதட்டைத் தொட்டால் வாய் தானாகத் திறக்கும். திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாதிக் கரண்டிதான். தொண்டை மேலேறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. கன்னத்தில் அதக்கி வைத்திருக்கிறாரா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். முடித்தபின் அரை மணி நேரமாவது சாய்க்கக் கூடாது. பெரம்பலூர் வீட்டில் மருமகள் "அத்தே, ஆ காட்டுங்க, ஒரு வாய்" என்று தானும் வாயைத் திறந்து காட்டுவாள். வவுனியாவில் "மாமி, ஒருக்கா ஆவெண்டுங்கோ" என்பாள். பெயரை மறந்தவருக்கும் எதிரில் திறந்த வாயைப் பார்த்துத் தன் வாயைத் திறக்கத் தெரிகிறது.

நம்மவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். படுத்திருப்பவரின் வாயில் பாலாடையாலோ சங்காலோ ஊற்றுவது. குழந்தைக்குக் கொடுத்த பழக்கத்தில் செய்கிறார்கள். இலங்கையில் மூக்கு வைத்த கோப்பை அதே வேலையைச் செய்கிறது. மல்லாந்தவர் தொண்டைக்குள் ஓடும் பால் நேரே மூச்சுக்குழலுக்குப் போகும். அடுத்த காய்ச்சல் அதிலிருந்து வரும். அந்தக் காய்ச்சல்தான் டியூப்பைக் கொண்டுவரும்.

ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், நாளுக்கு மூன்று வேளை. நூறு நாள் வேலைக்கும் வெங்காயக் களத்துக்கும் போகிற பெண்ணுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? அறுவடை முடிந்து பட்டறை போடும் நாட்களில் பக்கத்து வீட்டுக் கிழவிதான் மதியத்துக்கு ஊட்டிவிட்டுப் போவாள். ஊட்டுவதை ஒரு சிகிச்சையாக அரசு இதுவரை எண்ணவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வலி தணிப்பு செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவர் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை ஊட்டிக் காட்டினால் போதும், எத்தனையோ டியூப்கள் தேவைப்படாது. இலங்கையில் குடும்ப நல மருத்துவமாது குழந்தைக்குத் திட உணவு தொடங்குவதை வீடு தேடி வந்து சொல்லிக்கொடுக்கும் மரபு பல தலைமுறையாக இருக்கிறது. அதே வீட்டின் திண்ணையில் இருக்கும் பாட்டிக்கும் அந்தப் பாடத்தை நீட்டலாம். அந்த அமைப்பு நம்மிடம் இருப்பதைவிடப் பழையது, ஊருக்குள் வேரோடியது.

சட்டத்தில் இந்தியா ஓரடி முன்னால் போயிருக்கிறது. எந்த உயிர்காக்கும் சிகிச்சை தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளோடு நோட்டரி முன்னோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னோ கையொப்பமிட்டால் போதும் என்றது. நினைவு நன்றாக இருக்கும்போதே, மறதி தொடங்கிய முதல் வருடத்திலேயே, பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாதவர்கள் வீட்டில் இரு நாட்டிலும் முடிவு வார்டில் நின்றபடிதான் எடுக்கப்படுகிறது. அங்கே டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இந்தக் குழாய் எத்தனை நாளுக்கு, எதைப் பார்த்து எடுப்பீர்கள்? பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி எழுதாமல் போட்ட குழாயை எடுக்கச் சொல்லும் பொறுப்பு பிறகு யாருக்கும் இருப்பதில்லை.