படம் பார்த்தோர் கூறும் தீர்ப்பு

ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் ஜான் கிளென் இயக்கத்தில் 1983ஆம் ஆண்டு வெளிவந்த சாகசப் படம் ‘ஆக்டோபுசி’. அதன் இந்தியக் காட்சிகளுக்காகப் படக்குழுவினர் உதயப்பூருக்கு வந்து, பிச்சோலா ஏரியையும் அதன் நடுவிலுள்ள அரண்மனையையும் படம்பிடித்தனர். படத்தைப் பார்த்தோரின் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இது வெறும் பொழுதுபோக்கு, இதில் குற்றம் தேடுவது வீண் என்பர் ஒரு சாரார். இந்தியாவை இழிவுபடுத்தும் படம் என்பர் மறு சாரார்.

முதற்சாராரின் வாதத்தை நாம் உடனே தள்ளிவிட இயலாது. படம் தன்னைத்தானே கேலி செய்கிறது என்பது உண்மையே. கதாநாயகன் புலியைப் பார்த்து நாய்க்குட்டியிடம் சொல்வதுபோல் உட்காரச் சொல்கிறான். டார்சனைப்போல் கூவிக்கொண்டு கொடியில் தொங்கிப் பாய்கிறான். ஆக்ராவின் தாஜ்மகாலைக் காட்டிய மறுகணமே பன்னூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள உதயப்பூர்ப் படித்துறையில் நம்மை நிறுத்துவதையும் விளையாட்டென்றே விட்டுவிடலாம்.

எனினும் கேலி எல்லார்மேலும் ஒரே அளவாய் விழுகிறதா என்று கேட்க வேண்டும். கதாநாயகன் நகைப்புக்கிடமானாலும் அடுத்த காட்சியில் தன் மிடுக்கோடு திரும்பி வருகிறான். கடைத்தெருத் துரத்தலில் வரும் தீமிதிப்பவனுக்கும், வாள் விழுங்குபவனுக்கும், முள்படுக்கைக்காரனுக்கும் அடுத்த காட்சி என ஒன்றில்லை. சூதாட்டத்தில் வென்ற பணத்தை இந்திய உதவியாளரிடம் கொடுக்கும் நாயகன், சில வாரக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்ற பொருள்படப் பேசுகிறான். அரங்கில் சிரிப்பு எழுவது இவ்விடத்தில்தான். 1980இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து தன் ஏவுகணையாலேயே ரோகிணியை விண்ணில் செலுத்திய நாடு இது என்பது அச்சிரிப்புக்குள் நுழைய வழியில்லை.

சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜுக்கு இப்படத்தில் கிடைத்த வேடத்தையும் நோக்குக. மகுடியோடு பாம்பாட்டியாய் அறிமுகமாகி, டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடித்து விரட்டி, பாதிக் கதையில் கொலையுண்டு மறைகிறார். நம்மவர் ஒருவர் உலகத் திரையில் தோன்றினார் என்று மகிழ்ந்தோர் பலர். அம்மகிழ்ச்சியை நாம் குறைகூறோம். ஆயினும் உலகறிந்த ஆட்டக்காரர் ஒருவர் கிடைத்தும், முதலில் அவர் கையில் மகுடியைக் கொடுத்துப் பார்க்கவே கதையாசிரியர்களுக்குத் தோன்றிற்று.

மறு ஆண்டு வந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்துக்கு இந்திய அரசின் அனுமதி கிட்டாமையால் அது இலங்கையில் கண்டியருகே படமாயிற்று. அதிலுள்ள குரங்கு மூளை விருந்தை எவரும் எளிதில் கண்டித்துவிடலாம். ‘ஆக்டோபுசி’யின் ஆட்டுத்தலை விருந்தோ சிரிப்போடு சிரிப்பாய்க் கரைந்துபோகிறது.

திருச்சபை வட்டாரங்களில் இத்தகைய படங்களைப்பற்றிப் பேச்செழுந்தால், பெண்களைக் காட்டும் விதத்தையே நாம் முதலில் கண்டிக்கிறோம். அது நியாயமே, தலைப்பின் பொருளை இங்கே விளக்க நமக்கும் விருப்பமில்லை. முள்படுக்கையைப்பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. அதற்குக் காரணமுண்டு. மேலைநாட்டு மிஷன் சங்கங்களின் பத்திரிகைகளிலும், மாயவிளக்குப் படக்காட்சிகளிலும் இந்தியாவின் முகமாக நெடுங்காலம் நின்றவர்கள் இதே சந்நியாசியும் பாம்பாட்டியுமே. அப்படங்களைக் கண்டு இரங்கியோர் காணிக்கை தந்தனர். திரையில் கண்டோர் சிரித்தனர். இரங்கினாலும் சிரித்தாலும் படத்திலிருந்தவனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இழிவென்று கண்டிப்போர் மறந்துவிடும் செய்தியொன்றுண்டு. உதயப்பூரின் விடுதிகளிலும் மாடி உணவகங்களிலும் பல ஆண்டுகளாய் இப்படம் மாலைதோறும் பயணிகளுக்குக் காட்டப்பட்டு வந்தது. தன்மானமற்ற செயல் என்று நகரத்துப் படிப்பாளி முகஞ்சுளிக்கலாம். ஆனால் அவ்வூராருக்கு அது பிழைப்பு. திரையில் ஏரி தோன்றும்போது, மாடியின் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் அதே ஏரி கிடக்கிறது. உணவு பரிமாறுகிறவர் எந்தப் படித்துறை எதுவென்று சுட்டிக்காட்ட வல்லவர். படத்தைக் குறித்து அவரிடம் கருத்துக் கேட்ட திறனாய்வு எதையும் நாம் இதுவரை வாசித்ததில்லை.