பல் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி

சாப்பிட்டதை வலிந்து வாந்தி எடுக்கும் புலிமியா நோயை வீட்டாரிடம் பல ஆண்டுகள் மறைத்துவிட முடியும். உடல் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற லண்டன் மனநல மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். ஆனால் பல்லிடம் இதை மறைக்க முடியாது. வாயின் பி.எச். சுமார் 5.5க்குக் கீழே இறங்கினாலே பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். வயிற்று அமிலமோ அதைவிடப் பல மடங்கு கடுமையானது. அதனால் மேல்வரிசை முன்பற்கள் அண்ணத்தைப் பார்த்த பக்கத்தில் வழுவழுவென்று தேய்கின்றன. மனநல மருத்துவரை எட்டிப் பார்க்காதவரும் பல்கூச்சம் தாங்காமல் பல் டாக்டரிடம் வருவார். நோயை முதலில் காணும் வாய்ப்பு பல் டாக்டருக்கு அமைவது அப்படித்தான்.

இந்த வாய்ப்பின் பெரிய பலம், நோயாளி எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே உதவி தொடங்கிவிடலாம் என்பது. வாந்தி எடுத்த உடனே பல் துலக்கினால் இளகிய எனாமல் மேலும் தேயும். சமையல் சோடா கலந்த நீரில் கொப்பளித்து, அரைமணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும். இதைச் சொல்ல யாரையும் குற்றவாளி ஆக்கத் தேவையில்லை.

ஆனால் பல்லின் சாட்சியம் முழுமையானதல்ல. வாந்தி எடுக்காமல் பட்டினி மட்டும் கிடக்கும் அனோரெக்ஸியா நோயாளியின் பல்லில் இந்தத் தடயம் இருக்காது. நெஞ்செரிச்சல் நோயும் கர்ப்பகால வாந்தியும் இதே தேய்மானத்தைத் தரலாம். 1975இல் ஜுபைல்–யான்பு அரச ஆணையம் அமைந்தபின் தொழில் நகரமாக வளர்ந்த சவூதி அரேபியாவின் யான்புவில், வெயிலில் ஷிப்டு பார்ப்பவர்கள் குடிக்கும் கோலாவும் எனர்ஜி டிரிங்க்கும்கூடப் பல்லை அரிக்கும். தேய்மானத்தைக் கண்டவுடன் நோய்க்குப் பெயர் சூட்டுவது அநியாயம்.

இதைவிடப் பெரிய குறை, பேசுவதற்குத் தனிமை கிடைக்காதது. பதின்வயதுப் பெண்ணோடு அம்மாவும் உள்ளே வருகிறார். ஆங்கிலமோ அரபியோ தெரியாத தொழிலாளிக்கு அறைத்தோழர் மொழிபெயர்க்கிறார். விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கும் இகாமா என்ற குடியிருப்பு அனுமதிக்கும் ஆபத்து என்ற பயம் வேறு. இந்த நிலையில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது.

எளிதாகத் தோன்றும் வழி, தேய்ந்த பல்லுக்கு கேப் (உறை) போட்டு அனுப்பிவிடுவது. வாந்தி நிற்காதவரை கேப்பின் விளிம்பை ஒட்டிய பல் தொடர்ந்து கரையும், செலவும் வீணாகும். முதலில் வலியைத் தணித்துப் பல்லைக் காத்துவிட்டு, நோய் கட்டுக்குள் வந்தபின் நிரந்தரச் சிகிச்சை செய்வதே முறை.

நோயைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பல் டாக்டர்மேல் சுமத்தக் கூடாது. ஆனால் கேட்கும் பொறுப்பை அவர் தட்டிக்கழிக்கவும் கூடாது. "அடிக்கடி வாந்தி வருகிறதா?" என்று தனியாக, சாதாரணமாகக் கேட்கலாம். பிரிட்டனில் 1999இல் உருவான ஸ்காஃப் என்ற, உணவுக் கோளாறுகளுக்கான ஐந்து கேள்விப் பட்டியல், மனநல நிபுணர் அல்லாதவர்களும் பயன்படுத்தக்கூடியது. இரண்டுக்கு 'ஆம்' என்றால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. அப்போது அனுப்பிவைக்க ஒரு மனநல மருத்துவரின் பெயர் கையில் இல்லையென்றால், கேட்டதே கொடுமையாகிவிடும்.

ஆகவே யான்புவின் ஒவ்வொரு பல் கிளினிக்கும் இரண்டு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்: நோயாளியோடு தனியே பேச ஐந்து நிமிடம், ஊரிலோ மதீனாவிலோ ஜித்தாவிலோ ஒரு மனநல மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவைத்த தொடர்பு. இவை இல்லாமல் பல் டாக்டரின் கூரிய கண்ணால் நோயாளிக்குப் பயனில்லை.