அரை மாத்திரைச் சாட்சியம்

எங்கள் தீவுப்பகுதியில் ஆச்சிமார் இராக்கதை சொல்ல ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கேட்கிற பிள்ளை 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். "என்ன மோனை, நித்திரையோ?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அரைத்தூக்கத்தில் நாங்கள் அவசரமாக ஒரு 'ம்' போடுவோம். அரக்கன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போனாலும் 'ம்', ராசகுமாரன் வந்து மீட்டாலும் அதே 'ம்'.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி, 2004இல் வெளிவந்த தன் இரண்டாவது நாவலுக்கு அந்த எழுத்தையே தலைப்பாக வைத்தார்: 'ம்'. மெய்யெழுத்து ஒலிக்கும் நேரத்தை அரை மாத்திரை என்பார்கள் இலக்கணக்காரர்கள், கண் இமைக்கும் நேரத்தில் பாதி. நாவலைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாதி இமைப்புக்குள் அவர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று வியந்துபோகிறேன்.

கதையின் நடுவில் நிற்பவன் நேசகுமாரன். குருமடத்தில் படித்தவன், இலங்கைத் தமிழர் ஆயுதப் போராட்டத்துக்குள் இழுபட்டவன், சிறைப்பட்டவன். அவன் கண்முன்னால் நடப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த, கொழும்பு வெலிக்கடைச் சிறைப் படுகொலை. 1983 ஜூலை 25இல் 35 தமிழ்க் கைதிகள், 27இல் இன்னும் 18 பேர், மொத்தம் 53 பேர் அரசின் காவலுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். முந்தைய ஆண்டு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த போராளிகளான குட்டிமணியும் ஜெகனும் 25ஆம் தேதியே கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். அந்தச் சிறையைச் செப்டம்பர் 23இல் கைதிகள் உடைத்து வெளியேறினார்கள்.

இதே சிறைகளைக் கடந்து வந்த இன்னொருவரும் எங்கள் தீவுக்காரர்தான். அல்லைப்பிட்டி இருக்கும் அதே தீவில் கரம்பொன்னில் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட். அகதிகளைக் குடியேற்றிய காந்தியம் அமைப்பை அவரோடு சேர்ந்து நடத்திய வைத்தியர் ராஜசுந்தரம் 27ஆம் தேதி கொல்லப்பட்டார். டேவிட் தப்பிப் பிழைத்துத் தான் கண்டதை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். அவருடையது நேர்ச்சாட்சியம். ஷோபாசக்தி அதே சுவர்களுக்குள் ஒரு கற்பனைக் கைதியை அனுப்பி, சாட்சிக்கூண்டில் நிற்பவனையே விசாரிக்கிறார்.

இனி அந்த எழுத்தைப் பாருங்கள். 'ம்' மெல்லினம். உதடுகளை மூடிக்கொண்டே ஒலிக்கலாம், மூச்சு உள்ளமட்டும் நீட்டலாம். அடி தாங்காதவன் முனகுவது அதில்தான். விசாரிப்பவன் குரலை உயர்த்தி "ம்?" என்றால் அது கேள்வி, இறுக்கி "ம்!" என்றால் சொல்லு என்ற அதட்டல். எதிரே தலை தொங்கிக் கிடப்பவன் அதையே சொன்னால் ஒப்புதல். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் கேட்டதும் அவ்வளவுதான். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொல்லப்பட்ட வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகிவிடும். அது அடித்து வாங்கப்பட்டது என்று காட்டும் பொறுப்பு கைதியின் தலையில். ஒருவனைக் குற்றவாளியாக்க அரை மாத்திரை போதுமாயிருந்தது. 53 பேரைக் கொன்றவர்களில் ஒருவருக்குக்கூட இன்றுவரை தண்டனை இல்லை.

'மெய்' என்ற சொல்லையும் இங்கே நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. உடம்பை வதைத்தால் உண்மை வரும் என்று நம்புகிற அறையில் இரண்டும் சேர்ந்தே சிதைகின்றன. நேசகுமாரன் மேல் 'துரோகி' என்ற பழி விழுவதும் அந்த அறையின் நிழலில்தான். அனுசியா ராமசாமியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லையே தலைப்பாக எடுத்துக்கொண்டது. என்றாலும் 'ம்' கொண்டுவரும் நடுக்கம் அதில் இல்லை. துரோகி என்றால் விரல் ஒருவனை நோக்கி நீள்கிறது. 'ம்' என்றால் அது கேட்பவர் பக்கம் திரும்புகிறது.

ஷோபாசக்தியின் கலைத்துணிவை நான் முழுதாக உணர்ந்தது இன்னோரிடத்தில். வெலிக்கடையைக் கடந்துவந்தவன் ஐரோப்பாவில் தகப்பனாக இருக்கிறான். பதினைந்து வயது மகள் கருவுற்றிருக்கிறாள், பழி அவன்மேல் வருகிறது. வதைபட்டவன் என்ற இரக்கத்தை நம்மிடம் வாங்கிக்கொண்ட அதே கை இதையும் கொண்டுவந்து வைக்கிறது. பட்ட அடியைக் காட்டி இந்தக் குற்றத்தைக் கழிக்க நாவல் இடம் தருவதில்லை. இந்தக் குற்றத்தைக் காட்டி வெலிக்கடையை மறக்கவும் விடுவதில்லை. இரண்டு கணக்குகளும் தனித்தனியே திறந்து கிடக்கின்றன. சிறை நினைவுகள் எத்தனையோ படித்திருக்கிறேன். அவற்றில் சொல்பவரின் காயமே அவருக்கு நற்சான்றிதழாகிவிடும். இங்கே அது நடக்கவில்லை.

நாவலின் சமர்ப்பணம், நடந்த அத்தனையையும் கேட்டுவிட்டு 'ம்' சொல்லும் சனங்களுக்கு. அதைப் படித்ததும் ஆச்சியின் கதைப்பாய் நினைவுக்கு வந்தது. நாங்கள் விழித்திருக்கிறோம் என்று காட்டத்தான் ஆச்சி 'ம்' கேட்டா. நித்திரையில் இருந்துகொண்டே அதைச் சொல்ல நாங்கள் பழகிக்கொண்டோம்.