இறால் ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே

தூத்துக்குடியின் இறால், நண்டு பதப்படுத்தும் ஆலைகளில் மிஞ்சும் ஓட்டில் கைட்டின் இருக்கிறது. அமிலத்தால் சுண்ணத்தையும் காரத்தால் புரதத்தையும் நீக்கி, மறுபடி செறிந்த காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். சர்க்கரை அலகுகள் கோத்த இந்தச் சங்கிலியை நானோ துகளாக்கி மருந்தேற்றினால் அல்சைமருக்கும் பார்க்கின்சனுக்கும் வழி பிறக்கும் என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. இந்தக் கரைக்கு இனிக்கும் செய்திதான். அதனாலேயே கறாராக உரசிப் பார்க்க வேண்டும்.

மூளை நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கின்றி இறுகியிருப்பதால் பெரும்பாலான மருந்துகள் உள்ளே நுழைவதில்லை. நேர்மின்னூட்டமுள்ள கைட்டோசான் அந்தச் செல்களில் ஒட்டி, இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும். ஆனால் அந்த மின்னூட்டம் அமிலத்தில்தான் வலுவாக இருக்கும். பி.எச். 7.4 உள்ள இரத்தத்தில் அது மங்கி, கரையும் திறனும் போய்விடுகிறது. இரத்தப் புரதங்கள் போர்த்திய துகளைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவிடுகின்றன.

ஆகவே பலர் மூக்கு வழியை நாடினார்கள். முகர்வு நரம்பை ஒட்டிப் போனால் தடையைத் தாண்டவே வேண்டாம். சளிச்சவ்வில் ஒட்டும் குணமும் அங்கே துணை. எலிகளில் பலன் நன்றாகவே வந்தது. ஆனால் எலியின் மூக்கறையில் ஏறத்தாழப் பாதி முகர்வுச் சவ்வு. மனிதருக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே பெருக்கும் கட்டுரையை நான் ஏற்கமாட்டேன். நாளங்களில் தங்கிய இரத்தத்தை வெளியேற்றாமல் அளந்துவிட்டு, மருந்து மூளைக்குள் சேர்ந்ததாக எழுதுவதையும் ஏற்கமாட்டேன்.

தடையைத் தாண்டுவதற்கான வலுவான சான்று கைட்டோசானிடம் அல்ல, குளுக்கோஸ் பக்கம் இருக்கிறது. 2017-இல் கஸுனோரி கட்டாவோகா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. துகளின் மேல் குளுக்கோசைப் பதித்து, பட்டினி போட்ட சுண்டெலிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை ஏறியபோது மூளைக்குள் நுழைந்த துகள்களும் பெருகின. நாளச்சுவரின் குளுட்-1 கடத்தி இடம் மாறித் துகளையும் உடன் கொண்டுபோகிறது என்பது அவர்கள் விளக்கம். இன்னும் கருதுகோள்தான் என்றாலும், சோதித்து மறுக்கக்கூடிய கருதுகோள். அதுவே இதன் பெருமை. நீரிழிவு உள்ள முதிய நோயாளியிடம் பட்டினியும் சர்க்கரை ஏற்றமும் எப்படி நடக்கும் என்பது திறந்த கேள்வி.

ஓட்டுக்கு வருவோம். இனம், பருவம், காய்ச்சிய நேரம் எல்லாமே சங்கிலியின் நீளத்தையும் மின்னூட்டத்தையும் மாற்றும். ஆற்றலும் நச்சுத்தன்மையும் அவற்றோடு மாறும். ஊசிமருந்துக்கோ ஒவ்வொரு தொகுதியும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும், பாக்டீரிய நச்சு நீங்கியிருக்க வேண்டும். ஆய்வகத்துக்கும் தொழிலுக்கும் உள்ள தூரத்தை இந்தக் கரை முன்பே கண்டிருக்கிறது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் முத்து வளர்த்துக் காட்டியது. ஆய்வாளர் கையில் வென்ற அந்த நுட்பம் இந்தக் கரையில் பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. அந்த இடைவெளியை மறந்து கைட்டோசானைப் பேசுவது நேர்மையாகாது.

என் தீர்ப்பு இது: மூளைக்கு மருந்து சுமக்கும் பொருளாக இறால் ஓட்டுத் துகள் இன்று தகுதிபெறவில்லை. வெறும் மருந்தையும் அருகில் வைத்து ஒப்பிட்டு, மனிதரில் எடுத்த அளவு வந்தால் மாற்றிக்கொள்வேன். போர்க்களத்திலேயே பயன்பட்ட, இரத்தப்போக்கை நிறுத்தும் கைட்டோசான் காயக்கட்டு ஏற்கெனவே நிலைபெற்ற மருத்துவப் பொருள். தூத்துக்குடி ஆலைகள் முதலில் எட்ட வேண்டியது அந்தத் தரத்தை.