மாறாதது எல்லாம் மெய்யா?

மேற்கு நாடுகளின் ஆட்சியையே போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்தானாம், ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன். அப்படியோர் ஆவணம்! நூற்றாண்டுகள் பல அதை நம்பினர். 1440இல் லொரன்சோ வல்லா என்னும் இத்தாலிய அறிஞர் அதைக் கூண்டிலேற்றினார். கான்ஸ்டன்டைன் காலத்தில் வழங்காத சொற்கள் இதில் புகுந்தது எப்படி என்று கேட்டார். ஏட்டின் பொய்மை வெளிப்பட்டது.

அந்த ஏட்டில் பின்னர் எவரும் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அது மெய்யாகிவிடுமா?

மின்னணு ஆவணங்களைக் காப்போரிடம் நாம் கேட்பதும் இதுவே. கோப்பு காப்பகத்துள் நுழையும்போது, அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ‘ஹாஷ்’ என்னும் எண் ஒன்று பெறப்படுகிறது. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறும். பின்னாளில் மீண்டும் கணக்கிட்டு, எண் ஒத்தால் ‘நம்பத்தக்கது’ என்று நிறைவு கொள்வோர் உளர். அருமையான கருவிதான், மறுக்கவில்லை. ஆனால், நுழைந்தது நுழைந்தபடியே இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நுழைந்ததே பொய்யெனில், பொய்யையன்றோ பொன்போல் காக்கிறது! பள்ளியில் பணியாற்றும் நமக்கு இது புதிதன்று. மாற்றுச் சான்றிதழில் முத்திரை மெய். பிறந்த நாளோ, சேர்க்கையன்று பெரியவர்கள் வாய்க்கு வந்தது!

எண்ணுக்கும் மூப்பு உண்டு. வெவ்வேறான இரண்டு பி.டி.எஃப். கோப்புகளுக்கு எஸ்.எச்.ஏ-1 முறையில் ஒரே எண்ணை வரவழைத்துக் காட்டினர், 2017இல் கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையத்தாரும். மேலும், பழைய கோப்பைத் திறக்கும் மென்பொருள் மறைந்தால், புதிய வடிவுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றினால் எண் ஒவ்வாது. அப்போது மெய்யான ஏட்டைப் பொய்யென்று தள்ளுவதா?

விண்வெளி ஆய்வு நிறுவனங்கள் கூடி வகுத்து, 2003இல் ஐ.எஸ்.ஓ. 14721 என வெளிவந்த காப்பக நெறி இதை உணராததன்று. ஏடு எவரிடமிருந்து வந்தது, எவர் கைமாறியது, என்ன மாற்றம் பெற்றது என்னும் வரலாற்றையும் அது உடன்வைக்கச் சொல்கிறது. நம் குறை அங்கேதான். அவ்வரலாற்றை எழுதுபவரும் காப்பாளர். சான்று பகர்பவரும் அவரே!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘லாக்ஸ்’ முறையில், பல நூலகங்கள் தத்தம் படிகளை ஒப்பிட்டுப் பழுதைத் திருத்திக்கொள்கின்றன. ஒருவர் காவலினும் பலர் காவல் நன்று. ஆயினும் எல்லோர் கைக்கும் வந்த முதற்படியே பொய்யானால்? பொய்க்கே பெரும்பான்மை!

வல்லாவுக்கு ஏட்டின் மொழியாவது கையில் இருந்தது. நாளை கேள்வி கேட்க வருபவருக்கு மூலக் கோப்பு வேண்டும். மாற்றியவர் குறிப்பு வேண்டும். தந்தவர் யாரென்பதும் வேண்டும். புதிய வடிவம் வந்துவிட்டதே, இனி இடத்தை அடைப்பானேன் என்று மூலத்தை அழிக்கும் காப்பகம், எந்த எண்ணைக் காட்டி அவருக்கு விடை கூறும்?