அப்பத்திற்கு இரு அடைமொழிகள்: ஜெரோமின் திருப்புதல் பற்றி

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் அப்பத்திற்கு அடையாக நிற்கும் கிரேக்கச் சொல் 'எபியூசியொஸ்' என்பதாகும். மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய ஈரிடத்தும் இச்சொல்லே வருகிறது. நற்செய்தியாளரே இதனை ஆக்கினர் போலும் என்பது ஓரிகனின் கருத்து. பழைய லத்தீன் திருப்புதல்கள் இதனை 'குவோதிதியானுஸ்' எனப் பெயர்த்தன. 384ஆம் ஆண்டளவில் நற்செய்திகளைத் திருத்திய ஜெரோம், லூக்காவில் அதை அப்படியே விட்டு, மத்தேயுவில் மட்டும் 'சூப்பெர்சுப்ஸ்தான்சியாலிஸ்' என்று மாற்றினார். இம்மாற்றம் தகுமா?

முன்னது, 'நாள்தோறும்' எனப் பொருள்படும் 'குவோதிதியே' என்னும் வினையடையினின்று பிறந்தது. ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் என்பவற்றிற்கு முறையே -உஸ், -ஆ, -உம் என்னும் ஈறுகளைக் கொள்ளும். பின்னது 'சூப்பெர்' (மேல்), 'சுப்ஸ்தான்சியா' (உள்பொருள்) என்பவற்றோடு '-ஆலிஸ்' விகுதி சேர்ந்து அமைந்தது. மூன்றாம் திரிபு வகுப்பைச் சார்ந்ததாகலின், ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் -இஸ் என ஒரே ஈறும், அஃறிணைப்பாலுக்கு -எ என்னும் ஈறும் உரியன. அப்பத்தைக் குறிக்கும் 'பானிஸ்' ஆண்பால். ஜெபத்தில் அது செயப்படுபொருளாய் வருவதால், அடையும் இரண்டாம் வேற்றுமையேற்று -எம் என முடிகிறது.

ஜெரோம் கிரேக்கச் சொல்லை 'எபி', 'ஊசியா' எனப் பிரித்து, உறுப்புக்கு உறுப்பாக லத்தீன் வைத்தார். லத்தீன் இலக்கணத்தில் குறையில்லை, பகுப்பே ஐயத்திற்குரியது. விலக்குகள் உண்டெனினும், உயிரெழுத்தின்முன் 'எபி' தன் ஈற்றுயிரை இழப்பதே பெருவழக்கு. மேலும், அப்போஸ்தலர் 7:26, 16:11 வசனங்களில் 'எபியூசா' மறுநாளைக் குறிக்கிறது. அதினின்று பிறந்ததாயின், நம் சொல்லுக்கு 'வரும் நாளுக்குரிய' என்பதே பொருளாகும். எபிரேயர் நற்செய்தியில் இவ்விடத்து 'நாளைக்குரிய' எனப் பொருள்படும் 'மாகார்' என்ற சொல் இருந்ததை, மத்தேயு உரையில் ஜெரோமே குறித்துள்ளார்.

கிறிஸ்துவே ஜீவ அப்பம் என்பது மெய்யான உபதேசம். அது யோவான் 6ஆம் அதிகாரத்தில் தெளிவாயிருக்கிறது. அதனை இவ்வடைமொழிக்குள் புகுத்தினால், பசித்தவனின் விண்ணப்பம் அவன் வாயினின்றே பறிக்கப்படும். மேலைத் திருச்சபையும் தன் வழிபாட்டு ஜெபத்தில் 'குவோதிதியானுஸ்' என்பதையே காத்துக்கொண்டது. லுத்தர் 1529ஆம் ஆண்டின் சிறிய ஞானோபதேசத்தில், உணவு, உடை, வீடு, நல்லாட்சி யாவற்றையும் இவ்விண்ணப்பத்தில் அடக்கினார். நம் பழைய திருப்புதல் மத்தேயுவில் ஆளும் 'வேண்டிய' என்னும் எளிய பெயரெச்சமும் மனிதனின் தேவையையே சுட்டுகிறது.

சொல்லின் உறுப்புகளைப் பிரித்தறிவது நலமே. ஆயினும் உறுப்புகளின் தொகை சொல்லின் பொருளாகிவிடாது. பிரசங்கிப்போர் இதனை மறவாதிருப்பாராக. அப்பமின்றி ஆலயத்திற்கு வந்து இந்த ஜெபத்தைச் சொல்லுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு.