நிரப்புப் புரதங்களுக்குக் கடிவாளம்

எதிர்ப்பொருள்களின் வேலையை நிரப்பிக் கொடுப்பது என்ற பொருளில் ரத்தத்தில் உள்ள ஒரு புரதக் கூட்டத்துக்கு விஞ்ஞானி பால் எர்லிக் வைத்த பெயர் ‘காம்ப்ளிமென்ட்’. பெயரளவில் துணைப் பாத்திரம்தான். ஆனால் கொரோனாவில் மூச்சுத்திணறி வென்டிலேட்டர் வரை போனவர்களின் நுரையீரலைப் பார்த்தவர்கள், அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களில் இந்தப் புரதங்கள் படிந்திருப்பதைக் கண்டார்கள். படிந்திருப்பதாலேயே அவைதாம் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. தீயணைப்பு வண்டியும் தீப்பிடித்த இடத்தில்தான் நிற்கும். இந்தச் சந்தேகத்துக்குப் பதில் 2018-லேயே, கொரோனாவுக்கு முன்பே, ஓரளவு கிடைத்திருந்தது. இந்தக் கூட்டத்தில் ஒன்றான சி3 புரதம் இல்லாத எலிகளுக்குப் பழைய சார்ஸ் வைரஸைச் செலுத்தியபோது, நுரையீரலில் வைரஸின் அளவு சாதாரண எலிகளில் இருந்த அளவுதான். ஆனால் எடை இழப்பும் நுரையீரல் சிதைவும் குறைவு. வைரஸ் குறையாமலே நோய் தணிந்தது என்றால், சேதத்தில் ஒரு பங்கு உடலின் சொந்தக் கைவேலை. புரதங்கள் ஒன்றையொன்று வெட்டித் தூண்டும்போது சி5 புரதத்திலிருந்து சிதறும் சி5ஏ என்ற துண்டு, வெள்ளணுக்களை நுரையீரலுக்குக் கூட்டமாக இழுத்து வரும். ரத்தம் உறைவதையும் ஊக்கும்.

அப்படியானால் இந்த நிரப்புப் புரத மண்டலம் முழுவதையும் அடக்கிவிடலாமே என்றால், இன்ஃபுளுயென்சா குறுக்கே நிற்கிறது. அங்கே சி3 இல்லாத எலிகளில் டி செல்களின் எதிர்ப்பே மந்தமாகி, வைரஸை விரட்டுவது தாமதமாகிறது. ஒரு வைரஸில் கண்ட பலனை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. அதோடு, சி5-ஐத் தடுக்கும் எக்குலிசுமாப் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு மெனிஞ்சோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்றின் ஆபத்து பலமடங்கு கூடுகிறது. ஐசியுவில் கிடக்கும் நோயாளிக்கு இது சிறிய விலை இல்லை.

மனிதர்களில் நடந்த சோதனைகளும் ஒரே குரலில் பேசவில்லை. சி5-ஐயே அடைக்கும் ரவுலிசுமாப், தீவிர கொரோனா நோயாளிகளிடம் பலன் காட்டாததால் பாதியில் நிறுத்தப்பட்டது. சி5ஏ-வை மட்டும் பிடித்துக்கொள்ளும் விலோபெலிமாப், நிரப்புப் புரதங்கள் சேர்ந்து செல்களைத் துளைக்கும் கூட்டணி உருவாவதைத் தடுக்காது. வென்டிலேட்டரில் இருந்த 368 பேரிடம் நடந்த சோதனையில், 28 நாளில் இறந்தோர் மருந்து பெற்றவர்களில் 32 சதவீதம், பெறாதவர்களில் 42 சதவீதம். ஆனால் மருத்துவமனை வாரியாகப் பிரித்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் இந்த வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை; பிரிக்காமல் பார்த்தால் தாண்டியது. இது கணக்குப் பிடிப்பவர்களின் குசும்பு என்று மருந்தின் ஆதரவாளர்கள் சொல்லலாம். பல ஆஸ்பத்திரிகளில் சிலரே சேர்ந்த சோதனையில் அப்படிப் பிரிப்பது பலனை மங்கலாக்கும் என்பதும் நியாயமான வாதமே. என்றாலும், முடிவு வந்த பிறகு சாதகமான கணக்கைத் தேர்ந்துகொள்ள இடம் கொடுத்தால் எந்த மருந்தும் தேறிவிடும்.

குறுகிய இலக்கு, கடைசிக் கட்ட நோயாளி, தொற்றுக்கு எதிரான கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டுமே இந்தச் சிகிச்சைக்கு இப்போது நியாயம் இருக்கிறது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2023 ஏப்ரலில் விலோபெலிமாப்புக்குத் தந்ததும் அவசரகால அனுமதி மட்டுமே.